மாட்டிவிட்டுப் போனால் போதுமா?



இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவைத் தம்பிகள், "இளைஞர் சக்தி, நாளைய பாரதம்... இந்த மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணே" என்றார்கள். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் இந்த மலரிலேயே பலர் உண்டு. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சமாச்சாரம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த நாளிலிருந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப்களை மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

சிலர் சிரிப்பீர்கள். "குடிக்கவே தண்ணியைக் காணோம், இதுல குளத்துக்குச் சூடு ஒரு கேடா?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் இதை 'லிட்டில் இங்கிலாந்து' என்று சொன்னது சும்மா இல்லை. மார்கழி, தை மாத இரவுகளில் காற்று 15 டிகிரிப் பக்கம் இறங்கிவிடும். திறந்தவெளிக் குளத்துத் தண்ணீர் காலையில் 20, 22 டிகிரியில் நிற்கும். சாதாரண ஆள் சுகமாக நீந்த 27, 28 டிகிரியாவது வேண்டும். சென்னைக்காரனுக்கு இந்தக் கவலையே கிடையாது. நமக்கு உண்டு. அதனால்தான் பெங்களூர்க் கம்பெனிகளுக்குப் போய் வருகிறவர்கள் இந்தப் பக்கம் குடியேறக் குடியேற, குளத்தோடு கூடிய அடுக்குமாடி வீடுகளும் ரிசார்ட்டுகளும் முளைத்தன. குளத்துக்குப் பின்னாலேயே ஹீட் பம்ப்பும் வந்து சேர்ந்தது.

ஹீட் பம்ப் என்றால் என்ன? ரெஃப்ரிஜரேஷன் பாடத்தில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்திருப்பீர்கள். ஒரே சைக்கிளில் ஃபிரிட்ஜின் சி.ஓ.பி.யோடு ஒன்றைக் கூட்டினால் ஹீட் பம்ப்பின் சி.ஓ.பி. நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். அந்தக் 'கூட்டல் ஒன்று' எவ்வளவு பெரிய விஷயம் என்பது வேலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கம்ப்ரஸர் தின்கிற மின்சாரமும் வீண்போகாமல் சூடாக வந்து சேர்கிறது என்பதுதான் அந்த ஒன்று! வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை ஈவாப்பரேட்டர் உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அதை மேலே தூக்குகிறது. கண்டென்சர் குளத்துத் தண்ணீரிடம் கொட்டிவிடுகிறது. ஏ.சி.யைத் திருப்பிப் போட்ட கதைதான்.

இது புதுச் சரக்கும் இல்லை. ஆஸ்திரியாவில் பீட்டர் ரிட்டிங்கர் என்ற பொறியாளர் 1850-களிலேயே உப்பளம் ஒன்றில் இந்தத் தத்துவத்தைச் செய்து பார்த்தார். ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் 1941-இல் திறந்த நகராட்சி நீச்சல் குளத்தில் ஹீட் பம்ப் வைத்துச் சூடாக்கினார்கள். உலகப் போர்க் காலம். வெளிநாட்டு நிலக்கரி வருவது சிக்கலாகிப் போனது. எரிக்க ஒன்றுமில்லாத ஊர், பக்கத்து நீர்நிலையின் வெப்பத்தை இறைத்துக் குளத்தில் விட்டது. ஆடம்பரத்துக்கு அல்ல, பஞ்சத்துக்குப் பிறந்த எந்திரம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. பேப்பர், பேனா எடுங்கள். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம். மொத்தம் 60,000 லிட்டர். 22 டிகிரியிலிருந்து 27-க்குக் கொண்டுவர 3,00,000 கிலோ கலோரி வேண்டும். 860-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 349 யூனிட். சாதாரண ஹீட்டர் காயிலைப் போட்டால் இந்த 349 யூனிட்டும் மீட்டரில் ஓடும். சி.ஓ.பி. 4 உள்ள ஹீட் பம்ப் என்றால் 87 யூனிட்டில் முடிந்தது. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

ஆனால் அதே கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. 20 கிலோவாட் வெப்பம் தரும் எந்திரம், இழப்பே இல்லை என்று வைத்தாலும், அந்த ஐந்து டிகிரியை ஏற்ற பதினேழரை மணி நேரம் ஆகும். இதை யாரும் குளத்தின் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதில்லை. அவர்கள் குளியலறை கெய்சர் மாதிரி, காலை ஐந்து மணிக்கு சுவிட்சைப் போட்டுவிட்டு ஆறு மணிக்குத் துண்டோடு வந்து நிற்கிறார்கள். "மெஷின் வேலை செய்யலையே தம்பி" என்று எனக்குப் போன்!

எந்திரம் நல்ல எந்திரம். மாட்டுகிற விதமும் பார்த்துக்கொள்கிற விதமும்தான் நம்ம ஊரில் கேவலமாக இருக்கிறது என்பது என் கட்சி.

வழக்கமாக நடப்பது இது. எந்திரம் பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி வருகிறது. மாட்டுகிற ஆட்களும் அங்கிருந்தே வேனில் வருவார்கள். ஒரே நாள். பைப்பை இணைத்து, ஒயரைக் கொடுத்து, திரையில் நம்பர் ஒளிர்ந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜூஜூவாடியைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் பத்து வருஷம் அந்த எந்திரத்தோடு குடித்தனம் நடத்தப் போகிறவன் உள்ளூர்ப் பையன். அவனை அன்றைக்கு யாரும் பக்கத்தில்கூட நிற்க விடுவதில்லை. ஒரு காகிதமும் அவன் கைக்கு வருவதில்லை.

பாகலூர் சாலைப் பக்கம் ஒரு குடியிருப்பு. பெயர் வேண்டாம். எந்திரம் வெளியே இருந்தால் கட்டிட அழகு கெடும் என்று அடித்தளத்து மோட்டார் அறைக்குள் வைத்திருந்தார்கள். ஹீட் பம்ப் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துவிட்டுக் குளிர்ந்த காற்றை வெளியே தள்ளும். மூடிய அறையில் தள்ளிய குளிர்காற்றையே திரும்பத் திரும்ப இழுத்தால் என்ன ஆகும்? அறையே ஃபிரிட்ஜ் ஆகிவிட்டது. காயில் முழுக்கப் பனி. வந்த சர்வீஸ் ஆட்கள் எல்லோரும் "கேஸ் போயிடுச்சு சார்" என்று மூன்று தடவை கேஸ் ஏற்றிப் பணம் வாங்கிப் போயிருக்கிறார்கள். நான் போய்ச் செய்ததெல்லாம், எந்திரத்தை வெளியே எடுத்து, மேலே வானம் தெரிகிற இடத்தில் ஒரு கான்கிரீட் மேடை போட்டு, ரப்பர் பேட் மேல் உட்கார வைத்து, சார்ஜைத் தட்டில் எழுதியிருக்கும் எடைக்குச் சரி செய்ததுதான். அன்றிலிருந்து சுகமாக ஓடுகிறது. இதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. இரண்டு மார்க் கேள்வி புரிந்திருந்தால் போதும்.

இந்த 'கேஸ் போயிடுச்சு' என்கிற வார்த்தையை நம்ம தொழிலிலிருந்தே ஒழிக்க வேண்டும். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்து போக? மூடிய சர்க்யூட்டில் அது குறைந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் மேலே ஊற்றுவது வைத்தியமே இல்லை. அதிலும் இப்போது வருகிற எந்திரங்களில் ஆர்-32 கேஸ். பழைய ஆர்-22 போல் இல்லை; இது மெதுவாகவாவது தீப்பற்றும். எடைத் தராசு இல்லாமல், வேக்குவம் போடாமல், பீடியை வாயில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது.

பைப் லைன் வரிசை இன்னொரு தலைவலி. பம்ப், அப்புறம் பில்டர், அப்புறம் ஹீட் பம்ப், கடைசியில்தான் குளோரின் கலக்கும் கருவி. இடையில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு. இதை மாற்றிக் குளோரினை முன்னால் வைத்தால், பம்ப் நின்ற நேரத்தில் கெட்டியான குளோரின் தண்ணீர் எக்ஸ்சேஞ்சருக்குள் போய் உட்கார்ந்துவிடும். டைட்டானியம் குழாய் அதைத் தாங்கும். சுற்றியிருக்கிற சென்சாரும் ஃப்ளோ சுவிட்சும் தாங்குமா? மூன்று வால்வு போட்ட பைபாஸ் வேண்டும் என்று சொன்னால், "எதுக்கு வெட்டிச் செலவு?" என்பார்கள். எந்திரத்தைக் கழற்ற வேண்டிய அன்று மொத்தக் குளத்தையும் நிறுத்தும்போதுதான் அந்த வெட்டிச் செலவின் அருமை தெரியும்.

இன்னொரு கூத்து. குளத்துக்குத் திரும்பும் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்து, "சூடே இல்லையே" என்பார்கள். 20 கிலோவாட் எந்திரத்தில் மணிக்கு 10,000 லிட்டர் ஓடினால், போகிற தண்ணீருக்கும் வருகிற தண்ணீருக்கும் வித்தியாசம் 1.7 டிகிரிதான். கைக்குத் தெரியாது. தெர்மாமீட்டருக்குத்தான் தெரியும். சொந்தக்காரரைத் திருப்திப்படுத்த, வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைத்துச் 'சூடு காட்டுகிற' புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அப்புறம் ஹை பிரஷரில் டிரிப் ஆகிறது. மறுபடியும் "கேஸ் போயிடுச்சு சார்"!

கம்பெனிக் கையேட்டைப் படிக்கிற பழக்கமும் நமக்கு வேண்டும். அதில் சி.ஓ.பி. பெரும்பாலும் இரண்டு வரியாகப் போட்டிருப்பான். ஒன்று காற்று 26 டிகிரியில். இன்னொன்று 15 டிகிரியில். விற்க வருகிறவர் முதல் வரியைத்தான் காட்டுவார். ஓசூர் மார்கழிக்கு நமக்கு வேண்டியது இரண்டாவது வரி. அந்த நம்பர் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: எந்திரத்தை ராத்திரியில் ஓட்டாதீர்கள், முற்பகல் பதினொன்றிலிருந்து மாலை நான்கு, ஐந்து வரை ஓட்டுங்கள். காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது அதே மின்சாரத்துக்கு அதிக வெப்பம் கிடைக்கும்.

இனி, பராமரிப்பு. நம்ம மாவட்டம் கிரானைட் மாவட்டம். தேன்கனிக்கோட்டை, பர்கூர் பக்கம் போனால் குவாரியும் கிரஷரும்தான். அந்தத் தூசி எங்கே போகும்? ஹீட் பம்ப்பின் காயில் ஓடும்போது வேர்த்துக்கொண்டே இருக்கும். ஈரத்தின் மேல் கல் தூசி படிந்தால் தோசை மாவு மாதிரி அப்பிக்கொள்கிறது. காற்றுப் போக வழியில்லை. கம்ப்ரஸர் திணறுகிறது. மாதம் ஒரு தடவை மெயினை ஆஃப் செய்துவிட்டு, மெல்லிய பிரஷ், லேசான தண்ணீர் அடி. அவ்வளவுதான் வைத்தியம். பிரஷர் வாஷர் வைத்து ஃபின்னை மடக்கிவிடாதீர்கள். சர்க்யூட் போர்டுப் பெட்டியில் பல்லியும் எறும்பும் குடியேறாமல் ஒயர் நுழைகிற ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். பல்லி ஒன்று குறுக்கே விழுந்து போர்டு புகைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வேர்வைத் தண்ணீர் எந்திரத்துக்கு அடியில் சொட்டும். அதைப் பார்த்து "குளம் ஒழுகுது" என்று பதறுவார்கள். கம்ப்ரஸரை நிறுத்தி, தண்ணீர் பம்ப்பை மட்டும் ஓட விடுங்கள். சொட்டு நின்றுவிட்டால் வெறும் வேர்வை. நிற்காவிட்டால் குளோரின் பார்க்கும் பட்டையை அதில் தொட்டுப் பாருங்கள்; நிறம் மாறினால் குளத்துத் தண்ணீர்தான் ஒழுகுகிறது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். நம்ம நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். கிருஷ்ணகிரி, தருமபுரி மக்களை ஃப்ளோரைடிலிருந்து காப்பாற்றத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல் தொடங்கினார்கள். ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். ஹீட் பம்ப்பைக் கெடுப்பது தண்ணீரின் கடினத்தன்மை. குளங்களை நிரப்புவது போர் தண்ணீர். அதில் உப்பு படியும், சூடான இடத்தில் சீக்கிரமே படியும். எக்ஸ்சேஞ்சருக்குள் வெள்ளையாக ஓடு கட்டினால் வெப்பம் தண்ணீருக்குப் போகாது. பி.எச். அளவை 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் வைத்திருந்தால் பாதித் தொல்லை இல்லை. ஆனால் வாரம் ஒரு முறை பி.எச். பார்த்து நோட்டில் எழுதுகிற குளம் எத்தனை? நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். ஏ.எம்.சி. ரசீது மட்டும் வருஷா வருஷம் ஒழுங்காகக் கிழிகிறது.

இதுவரை சொன்னதில் கெடுவது எந்திரம். அடுத்தது உயிர்ச் சமாச்சாரம். ஜனங்கள் உடம்போடு இறங்கி நிற்கிற தண்ணீரில் இணைந்திருக்கிற மின் எந்திரம் இது. 2023 டிசம்பரில் பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் ஒரு சிறுமி இறந்து போனாள். மின்சாரம் பாய்ந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. போலீஸ் கைது செய்தவர்களில் நிர்வாகத்தில் இருந்தவரும் உண்டு, பராமரிப்பு வேலை பார்த்த தொழிலாளிகளும் உண்டு. அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். நான் உங்களிடம் கேட்பது வேறு. பத்துப் பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு, எர்த் டெஸ்டர்கூடக் கையில் இல்லாமல், "போய் பார்த்துட்டு வாடா" என்று அனுப்பப்படுகிற பையனின் கையெழுத்து அந்த ரிஜிஸ்டரில் இருந்தால்? அந்தப் பையன் நம்ம பாலிடெக்னிக்கில் படித்தவனாக இருந்தால்?

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, எர்த்திங் சரியில்லாமல், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல், எந்தக் குளத்து எந்திரத்துக்கும் 'சரி' என்று கையெழுத்துப் போடாதீர்கள். முதலாளி கத்துவார். இரண்டு வேலை கைவிட்டுப் போகும். போகட்டும். அந்த ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பதற்கு எந்த முதலாளியின் அனுமதியும் தேவையில்லை.

சரி, முதலில் கேட்ட கேள்வி. தண்ணீர் இல்லாத ஊரில் இது எதற்கு? 2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீர் வாரியமே நீச்சல் குளங்களில் குடிநீரைப் பயன்படுத்தத் தடை போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். எல்லைக்கு இந்தப் பக்கம் நாம் மட்டும் கொடுத்து வைத்தவர்களா? என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். குளம் வேண்டாம் என்று சொல்கிற அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் மூடி இல்லாத குளத்துக்கு ஹீட் பம்ப் விற்பது பாவம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. நாம் போட்ட அதே 50 சதுர மீட்டர்க் குளத்தில் ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர் ஆவியானால் 150 லிட்டர் தண்ணீர் போச்சு. கூடவே 102 யூனிட் வெப்பமும் போச்சு. ஒரு பிளாஸ்டிக் போர்வை இதில் பெரும்பங்கைத் தடுத்துவிடும். தண்ணீரும் மிச்சம், மின்சாரமும் மிச்சம். ஆனால் போர்வையில் கமிஷன் கம்மி. அதனால் கொட்டேஷனில் அது வருவதே இல்லை. நான் எழுதுகிற கொட்டேஷனில் போர்வைதான் முதல் வரி. அதனால் சில ஆர்டர்கள் போயின. வந்த ஆர்டர்களில் எந்திரம் சின்னதாகப் போதுமானதாக இருந்தது.

"பணக்காரன் குளிக்கிற குளத்துக்கு நாம் ஏன் படிக்கணும்?" என்று கேட்ட ஒரு தம்பிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அதே சைக்கிள்தான் ஆஸ்பத்திரியில் வெந்நீர் தருகிறது, ஹாஸ்டலில் தருகிறது. நம்ம சிப்காட் பட்டறைகளில் பெயிண்ட் அடிப்பதற்கு முன் உதிரி பாகங்களைக் கழுவுகிற தொட்டிகளை 50, 60 டிகிரியில் வைத்திருக்க வேண்டுமே, அங்கேயும் அதற்கேற்ற ஹீட் பம்ப்பை வைக்கலாம். குளத்தில் கற்றுக்கொண்டவனுக்கு அந்தக் கதவுகளும் திறக்கும்.

நம்ம லேபில் ஃபிரிட்ஜ் டெஸ்ட் ரிக் இருக்கிறது. நான் படித்த காலத்தில் அதில் குளிர்ந்த பக்கத்தை மட்டும்தான் அளப்போம். சூடான பக்கத்துக்கு இரண்டு தெர்மாமீட்டரும் ஒரு தண்ணீர் மீட்டரும் போட்டால் அதுவே ஹீட் பம்ப் பரிசோதனை ஆகிவிடும். ஆசிரியப் பெருமக்கள் மனம் வைக்க வேண்டும். பேரவையிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. எக்ஸ்சேஞ்சர் போனதால் கழித்துக் கட்டிய 12 கிலோவாட் யூனிட் ஒன்று எனக்குத் தெரிந்த இடத்தில் கிடக்கிறது. கம்ப்ரஸர் நல்ல நிலையில் இருக்கிறது. சொந்தக்காரரிடம் பேசிவிட்டேன், சும்மாவே தருகிறார். அதிலிருக்கும் கேஸை முறையாக சிலிண்டரில் எடுத்து வைப்பது என் பொறுப்பு. டெம்போ வாடகையைப் பேரவை பார்த்துக்கொண்டால், பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் சனிக்கிழமை காலையில் ஸ்பேனரோடு வருகிறேன். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் இரண்டு பேரும் வர வேண்டும். எர்த் டெஸ்டரையும் லேபிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்.